பெயரில்லாத வாத்தியார்

'நைட் அண்ட் டே' (1946) பிராட்வே இசைக்காரர் கோல் போர்ட்டரின் வாழ்க்கை என்று வந்த ஹாலிவுட் படம். காரி கிராண்ட் நடித்தார். போர்ட்டரின் ஓரினக் காதலைப் படம் மூடி மறைத்தது. பொய்தான். ஆனால் பெயர் அவருடையது, பாட்டும் அவருடையது. பொய்யை மீறி ஆளைக் காதால் அடையாளம் காணலாம்.

நம்மிடம் வசந்தபாலனின் 'காவியத் தலைவன்' (2014). சங்கரதாஸ் சுவாமிகள் அதில் சிவதாஸ் சுவாமிகள். கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் நினைவூட்டும் பாத்திரங்கள் வேறு பெயர்களில், ஏ.ஆர். ரஹ்மானின் மெட்டுகளில் பாடுகின்றன. கற்பனைக்கு உரிமை இல்லையா என்கிறார்கள் நண்பர்கள். உண்டு. ஆனால் கற்பனை முழுவதும் காதலிலும் பொறாமையிலும் செலவாகிவிட்டது. வாத்தியார் ஒரு பாட்டை எப்படிக் கட்டினார், பாய்ஸ் கம்பெனிப் பையனின் தொண்டைக்கு அதை எப்படி ஏற்றினார் என்பதில் படத்துக்கு அக்கறையே இல்லை. காதலுக்கும் பொறாமைக்கும் சுவாமிகள் எதற்கு? ஒரு ஜவுளிக்கடை போதும்.

கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். குரல் இசைத்தட்டுகளில் இருக்கிறது. அதைக் கேட்ட காது இந்தப் படத்தில் யாரைத் தேடும்?

எங்கள் திமிரிப் பக்கத்துக் கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னிருந்து தான் யாரென்று பாடிவிட்டுத்தான் சபைக்கு வருகிறான். பெயர் சொல்லாமல் திரை விலகாது.