பந்து நேரா போக மாத்திரை கிடையாது!

இது கோல்ஃப் பத்தின இழை.

"நெய்வேலில இருக்கிற அரசு டாக்டருக்கு கோல்ஃப்ல என்ன வேலை?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் மட்டையைத் தொட்டதே ரெண்டு தடவைதான். ஆனா உங்க வீட்டுல பரீட்சை எழுதுற பிள்ளையோ, இன்டர்வியூ போற தம்பியோ, மேடை ஏறுற அக்காவோ இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

1/
போன மாசம் நைட் டூட்டி. அறுபது தாண்டின ஒரு ஐயா. ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல். ஸ்டெத் வெச்சா ரெண்டு பக்கமும் விசில் சத்தம்.

பல வருஷ ஆஸ்துமா. இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறவர். சளி இல்ல, காய்ச்சல் இல்ல.

"புதுசா ஏதாவது மாத்திரை போட்டாராம்மா?"

அவர் மனைவி பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாங்க. ப்ரொப்ரனலால் 40 மி.கி.

2/
மகன் வெளிநாட்டுல இருக்கார். அங்க போய்த் தங்கினப்ப ஐயா கோல்ஃப் பழகியிருக்கார். ஊர் திரும்பினதும் வராண்டாவுல கார்ப்பெட் விரிச்சு, டம்ளரைக் குழியா வெச்சு, தினமும் பந்து உருட்டுறார். அடுத்து ஊட்டில பழைய நண்பர்களோட ஒரு ஆட்டம்.

கை லேசா நடுங்குது, பந்து விலகுது. வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் சொல்லியிருக்கார்: "இதைப் போடுங்க சார், கை கல்லு மாதிரி நிக்கும்."

சொன்னவர் டாக்டர் இல்ல. மருந்துக் கடையில சீட்டும் கேக்கல.

3/
இந்த மருந்து என்ன பண்ணுது?

பதற்றம் வந்தா அட்ரினலின் சுரக்கும். அது பீட்டா ரிசப்டர்ல போய் ஒட்டும். இதயம் படபடக்கும், கை நடுங்கும். ப்ரொப்ரனலால் அந்த ரிசப்டரை அடைச்சு வெச்சிடும். படபடப்பும் நடுக்கமும் குறையும்.

ஆனா பீட்டா ரிசப்டர் மூச்சுக்குழாய்லயும் இருக்கு. அங்க அதோட வேலை குழாயைத் திறந்து வைக்கிறது. ஆஸ்துமாக்காரர் இழுக்குற சால்பியூட்டமால் தட்டுறதும் அதே கதவைத்தான்.

கதவை உள்பக்கமா பூட்டிட்டு வெளிய நின்னு தட்டினா எப்படித் திறக்கும்?

அதனாலதான் அன்னிக்கு அவர் இன்ஹேலர் சரியா கேக்கல. ஆக்சிஜன், வேற வழியில வேலை செய்யுற இப்ராட்ரோபியம், ஸ்டீராய்டுனு போராடி, விடியக்காலைலதான் மனுஷன் முழு வாக்கியம் பேசினார்.

4/
இது கெட்ட மருந்துனு நான் சொல்லல. பீட்டா பிளாக்கர் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல் பரிசு கிடைச்சது. ஒற்றைத் தலைவலி, தைராய்டு படபடப்பு, சில வகை நடுக்கம் எல்லாத்துக்கும் நானே எழுதுறேன்.

ஆனா எழுதுறதுக்கு முன்னாடி ஆஸ்துமா உண்டான்னு கேப்பேன். நாடி பார்ப்பேன். சுகர் இருக்கான்னு கேப்பேன். ஏன்னா சுகர் தாழும்போது வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைச்சிடும். ஆபத்து வந்தது ஆளுக்கே தெரியாது.

"பாடகருக்கும் பேச்சாளருக்கும் டாக்டரே எழுதித் தர்றாங்களே?"ன்னா, ஆமாம், சிலருக்குத் தர்றாங்க. கேட்டு, பார்த்து, எழுதித் தர்றாங்க. வாட்ஸ்அப் நண்பருக்கு உங்க நுரையீரலைப் பத்தி என்ன தெரியும்?

5/
"சும்மா விளையாட்டுக்குத்தானே?"

விளையாட்டுலயே இதுக்குத் தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட பட்டியல்படி கோல்ஃப் போட்டியில பீட்டா பிளாக்கர் போடக் கூடாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு, இதே ப்ரொப்ரனலாலுக்காக வாங்கின ரெண்டு பதக்கத்தையும் இழந்தார்.

6/
சரி, உயிரையும் விதியையும் ஓரமா வெச்சிடுவோம். மாத்திரை போட்டா பந்து நேரா போகுமா?

கணக்கைப் பாருங்க. கோல்ஃப் குழியோட அகலம் 108 மி.மீ. நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் 5.4 செ.மீ. நீங்க 3 மீட்டர் தள்ளி நிக்கிறீங்க. மட்டை முகம் திரும்பினதால பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினா, குழிக்கிட்ட வரும்போது 5.2 செ.மீ. விலகியிருக்கும். 1 டிகிரிக்கே விளிம்புக்கு வந்தாச்சு. 2 டிகிரின்னா போச்சு.

பட்டிங்ல பந்து எந்தத் திசைல கிளம்பும்ங்கிறதை ஐந்துல நாலு பங்குக்கு மேல முடிவு பண்றது, தொடுற நொடியில மட்டையோட முகம் எங்க பார்க்குதுங்கிறதுதான். கோணலா பிடிச்ச மட்டையை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. நடுங்காம கோணலா அடிப்பீங்க, அவ்வளவுதான்.

7/
அப்போ என்னதான் வழி? காசில்லாத வழி.

ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலைத் தரையில வைங்க. ஒரு முனையில பந்து. தட்டுங்க. மறுமுனை வரைக்கும் ஸ்கேல் மேலயே உருண்டா முகம் நேரா இருக்கு. பாதியில விழுந்தா, எந்தப் பக்கம் விழுதோ முகம் அந்தப் பக்கம் திரும்புதுன்னு அர்த்தம்.

கண் பந்துக்கு மேல நேரா இருக்கட்டும். மணிக்கட்டை ஆட்டாம தோள்பட்டையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்க. பிடி, குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. இறுக்கிப் பிடிச்சா நடுக்கம் கூடத்தான் செய்யும்.

கேரம் ஆடினவங்களுக்கு இது புரியும். ஸ்ட்ரைக்கரை பலமா அடிக்கிறவன் ஜெயிக்கிறதில்ல.

8/
பெரிய அடிக்கும் இதே கதைதான். வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கமா வளைஞ்சு ஓடுதுன்னா, மட்டை வீசுற பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருக்குனு அர்த்தம். பலர் என்ன பண்றாங்க? பயந்துபோய் இடப்பக்கமா வீசுறாங்க. பாதை இன்னும் இடப்பக்கம் போகுது, முகத்துக்கும் பாதைக்கும் இடைவெளி கூடுது, பந்து இன்னும் அதிகமா வளையுது.

நோய் ஒண்ணு, மருந்து வேற. சரிசெய்ய வேண்டியது முகத்தை, அதாவது பிடியை.

வெறி வந்து இன்னும் பலமா முறுக்கி அடிச்சா, அடுத்து முதுகுவலிக்கு என்கிட்டத்தான் வரணும். பொழுதுபோக்கா கோல்ஃப் ஆடுறவங்களுக்கு அதிகமா அடிபடுறது கீழ்முதுகுதான்.

9/
நம்ம அதிதி அசோக்கை நினைச்சுப் பாருங்க. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7. உலகத் தரவரிசையில 200வது இடம். சில மாசம் முன்னாடி கோவிட் வந்து உடம்பு தளர்ந்திருந்தது. தூரம் அடிக்கிறதுல களத்துல பின்வரிசை. பையைத் தூக்கினது அவங்க அம்மா.

அந்தப் பொண்ணு பட்டர் ஒண்ணை வெச்சே நாலு நாள் பெரிய பெரிய ஆட்டக்காரங்களோட மல்லுக்கட்டி நாலாவது இடம் வந்தாங்க. ஒரே ஒரு அடியில வெண்கலம் போச்சு. சின்ன வயசுலருந்து உருட்டின பந்துகள் அது. அட்டையிலருந்து பிதுக்கினது இல்ல.

அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரங்களே 8 அடியிலருந்து போடுறது சுமார் பாதிதான். அவங்களே தவறவிடும்போது நமக்கு என்ன வெட்கம்?

10/
ஒரு விதிவிலக்கு சொல்லணும். சிலருக்கு பட்டிங் பண்ணும்போது மட்டும் மணிக்கட்டு தானா வெட்டி இழுக்கும். இதை யிப்ஸ்னு சொல்வாங்க. அதுல ஒரு பகுதியினருக்கு நரம்பு சார்ந்த டிஸ்டோனியா இருக்கலாம். ஓய்வா இருக்கும்போதும் கை நடுங்கினா பார்க்கின்சனானு பார்க்கணும். ரெண்டுக்கும் டாக்டர்கிட்ட வாங்க. நடுக்கத்தை மாத்திரையால மூடிட்டா, அடியில இருக்கிற நோயை யார் பார்க்கிறது?

11/
இப்போ கோல்ஃப் ஆடாத உங்களுக்கு.

இதே அட்டை வைவாவுக்கு முன்னாடி, இன்டர்வியூவுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல கை மாறுது. "ஒண்ணு போடு மச்சி, படபடப்பே வராது." அந்த மச்சிக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்ததா? அம்மாவைத் தவிர யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மருந்துக் கடை நண்பர்களே, சீட்டு இல்லாம இதைக் கொடுக்காதீங்க. இது ஷெட்யூல் எச் மருந்து. குரூப் அட்மின்களே, மருந்துப் பேர் போடுற பதிவை அழிங்க. ஏற்கெனவே டாக்டர் சொல்லி எடுக்குறவங்க, இந்த இழையைப் படிச்சிட்டுத் திடீர்னு நிறுத்திடாதீங்க. அதுவும் ஆபத்து. டாக்டரைக் கேளுங்க.

12/
ஐயா போன வாரம் ஓ.பி.க்கு வந்தார். நெஞ்சு சுத்தமா இருக்கு. ஊட்டிக்குப் போகல.

"ஸ்கேல்ல பத்துக்கு நாலு நிக்குது டாக்டர்"னார்.

"நல்லது ஐயா. நாலை அஞ்சாக்குங்க, அவசரமில்ல"னேன்.


நெய்வேலியிலிருந்து உங்கள் அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.