சிவந்த இலைகளின் சாட்சியம்

தாவரங்களின் பசுமையைச் செந்நிறமாகக் காட்டிய ஒரு படச்சுருள் நம் காலத்தில் வழக்கொழிந்தது. கோடாக் நிறுவனத்தின் வண்ண அகச்சிவப்புப் படச்சுருளைத்தான் சொல்கிறோம். சாதாரணக் கேமராக்களுக்குக் கிடைத்துவந்த எக்டாகுரோம் வகை 2007-இல் நிறுத்தப்பட்டது; அடுத்த சில ஆண்டுகளுக்குள் வான்வழிப் படங்களுக்கான ஏரோகுரோமும் நின்றது. அது மீண்டும் வருமா என்று புகைப்பட ஆர்வலர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதற்காக வர வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

அது அழகுக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது, பச்சை வண்ணம் பூசி மறைத்துவைத்த தளவாடங்களை வானிலிருந்து கண்டறிவதற்காக உருவாக்கப்பட்டது. உயிருள்ள இலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பியனுப்புகிறது. அன்றைய பச்சைச் சாயங்களுக்கு அந்த இயல்பு இல்லை. படச்சுருளின் மூன்று படலங்களுள் ஒன்று அகச்சிவப்பையும், ஒன்று சிவப்பையும், ஒன்று பச்சையையும் பதிந்துகொண்டன. மூன்றுமே நீல ஒளிக்கும் மசிந்துவிடும் என்பதால் மஞ்சள் ஃபில்டர் ஒன்று நீலத்தைத் தடுத்தது. கழுவியெடுத்த படத்தில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் இடம் மாறின. காடு சிவந்து நிற்க, காட்டைப் போல வேடமிட்டது மட்டும் சிவக்காமல் காட்டிக்கொடுத்தது.

போர் முடிந்தபின் அதே கண் பயிர்களையும் காடுகளையும் பார்த்தது. 1970-இல் பிஷாரடியின் தலைமையில், கேரளத்தின் தென்னைகளைத் தாக்கிய வாடல் நோயை ஆராய ஹெலிகாப்டரிலிருந்து இவ்வகைப் படச்சுருளில் படங்கள் எடுக்கப்பட்டன. இந்தியத் தொலையுணர்வு இயலின் தொடக்கமாக அதையே குறிப்பிடுகிறார்கள். இன்றைய செயற்கைக்கோள் படங்களில் தாவரங்கள் செந்நிறத்தில் காட்டப்படுவதும் இப்படச்சுருள் விட்டுச்சென்ற மரபே.

கலைஞர்களும் அதைக் கைக்கொண்டனர். 1960-களின் இறுதியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஃபிராங்க் ஸப்பா ஆகியோரின் இசைத்தட்டு உறைகளில் அந்த விபரீத நிறங்கள் இடம்பெற்றன. பின்னாளில் ஐரிஷ் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் மோஸ் அதைக் கிழக்குக் காங்கோவுக்கு எடுத்துச்சென்றார். 2013 வெனிஸ் பினாலேயில் அவர் காட்சிப்படுத்திய படைப்பில், இளஞ்சிவப்புக் குன்றுகளின் நடுவே ஆயுதமேந்திய மனிதர்கள் நின்றனர். துயரத்தை அழகாக்கலாமா என்ற கேள்வி எழுந்தது; அது நியாயமான கேள்வியே. ஆனால் மறைந்திருப்பவரைக் கண்டுபிடிக்கப் பிறந்த கருவியை, உலகம் காணாதிருந்த ஒரு போரின் முன் கொண்டு நிறுத்தியதில் பொருளிருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இன்று கணினியில் பச்சையைச் சிவப்பாக்குவது ஒரு நொடி வேலை. 2013-இல் லோமோகிராஃபி வெளியிட்ட லோமோகுரோம் பர்ப்பிள் படச்சுருளும் அந்தத் தோற்றத்தையே தருகிறது. ஆனால் அது அகச்சிவப்பை உணர்வதில்லை. இத்தகைய போலிகளுக்கு இலையும் ஒன்றுதான், பச்சைச் சாயமும் ஒன்றுதான். இரண்டையும் ஒரேபோலச் சிவக்கவைக்கும். பழைய படச்சுருளின் பெருமை அதன் நிறத்தில் இல்லை, அது பிரித்தறிந்த வேறுபாட்டில் இருந்தது. அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை அகற்றிய டிஜிட்டல் கேமராவைக் கொண்டு உழைப்பவர்கள் உண்மைக்கு நெருக்கமானவர்கள். அவர்கள் பதிவது மெய்யான ஒளி.

படச்சுருள் ஏன் மறைந்தது? இராணுவமும் வனத்துறைகளும் நில அளவையாளர்களும் வாங்கியதால்தான் அது தயாரிக்கப்பட்டது. நெல்லுக்குப் பாய்ந்த நீரில் பிழைத்த புல்லாகக் கலைஞர்கள் இருந்தனர். பெரிய வாடிக்கையாளர்கள் டிஜிட்டலுக்கு மாறியதும் வாய்க்கால் வறண்டது. குளிரில் பாதுகாத்து, முழு இருளில் கேமராவில் ஏற்றவேண்டிய பொருளைச் சிலருக்காக மட்டும் தயாரிப்பது எளிதன்று.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2012-இல் நிறுத்தப்பட்ட சாதாரண எக்டாகுரோம் 2018-இல் திரும்பிவந்தது. நெதர்லாந்தின் என்ஸ்கடே நகரில் மூடப்பட்ட போலராய்டு ஆலையின் இயந்திரங்களை 2008-இல் சில ஆர்வலர்கள் மீட்டனர். ஆனால் பழைய வேதிப்பொருட்கள் பல கிடைக்காததால், படச்சுருளை ஏறத்தாழப் புதிதாகவே கண்டுபிடிக்க நேர்ந்தது. இயந்திரம் எஞ்சினாலும் செய்முறை எஞ்சுவதில்லை என்பதே அதன் பாடம்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. ஒரு நிறுவனம் தன் பொருளைக் கைவிடலாம். அது வணிக உரிமை. ஆனால் அதைச் செய்யும் அறிவையும் பூட்டிவைத்து மடியவிடுவது நியாயமல்ல. சாயங்களின் சேர்மானமும் படலங்களின் செய்முறையும் ஏதேனும் ஓர் ஆவணக்காப்பகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பொதுவில் வைக்கப்படட்டும். அழகிய இளஞ்சிவப்பு நமக்குப் போதாது. உயிருள்ள இலையைப் பூசிய பச்சையிலிருந்து பிரித்துக்காட்டும் அந்தக் கண் திரும்ப வேண்டும்.