பெயரும் உடைமையும்: செய்நிரற் கருவிகளுக்குப் பெயரிடுதல் பற்றிய ஒரு விவாதம்

பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் நன்னூலார் பகுத்துக் காட்டினார். மரம் என்னும் பெயருக்கும் அது சுட்டும் பொருளுக்குமிடையே காரணம் எதுவும் புலப்படுவதில்லை. வழக்கே அதற்கு ஆதாரம். நாற்காலி என்னும் பெயரோ தன் காரணத்தைத் தானே சொல்லி நிற்கின்றது. பாடசாலைப் பருவத்தில் மனனஞ் செய்யப்பட்டுப் பரீட்சையுடன் மறக்கப்படும் இப்பகுப்பு, கணினியோடு தொடர்புடைய ஒரு வினாவை ஆராய்வதற்கு இன்றும் பெரிதும் பயன்படுகின்றது. செய்நிரலாக்க மொழிகளுக்கும் செய்நிரற் கருவிகளுக்கும் எவ்வாறு பெயரிடுதல் வேண்டும் என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு இரு சாரார் இருவேறு விடை கூறுவர். பெயரிடுதல் அற்ப விடயம், கருவி நன்றாயின் பெயர் எதுவாயினும் அது நிலைக்கும் என்பது ஒரு சாரார் கூற்று. இவர்களுட் பெரும்பாலோர் கருவிகளை ஆக்குவோர். பெயரிடுதல் விற்பனைக் கலையின் ஒரு கூறு, செவிக்கு இனிதாய், நாவுக்கு எளிதாய், பிறர் பதிவு செய்யாததாய் அமைவதே நற்பெயர் என்பது மற்றொரு சாரார் கூற்று. இவர்களுட் பெரும்பாலோர் கருவிகளை விற்போர். முரண்பட்டவைபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. கருவியைப் பயில்வோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இரண்டிலுமே இடமில்லை. அவர்களை நடுவில் நிறுத்தி நோக்குமிடத்து, நல்ல பெயருக்கு இன்றியமையாத இலக்கணங்கள் இரண்டு என்பது தெளிவாகும். அது பயில்வோருக்குப் பொய்யுரைத்தலாகாது. அதனை வழங்கும் சமூகத்திடமிருந்து பறிக்கத்தக்கதாயும் இருத்தலாகாது. இனிமையும் எளிமையும் புதுமையும் இவற்றின் பின்னரே எண்ணத்தக்கவை.

தொடக்கக் காலச் செய்நிரலாக்க மொழிகளின் பெயர்களுட் பல காரணப் பெயர்களாகவே இருந்தன. 1957 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போர்ட்ரான், ‘சூத்திரங்களை மொழிபெயர்ப்பது’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1959 இல் உருவாகத் தொடங்கிய கோபோல், ‘வணிகத்துக்கான பொது மொழி’ என்பதன் சுருக்கம். இவற்றில் அழகு தேடுவார் ஏமாற்றமடைவர். ஆயின் மொழி எதற்கு உரியது என்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது. அக்காலத்தில் செய்நிரல் தனிப் பண்டமாக விற்கப்படுவது அரிது. இயந்திரத்தை வாங்குவோருக்கு அதனுடன் சேர்த்தே அது வழங்கப்பட்டது. 1969 இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் வெவ்வேறாக விலை குறிக்கும் தன் முடிவை அறிவித்தது. மென்பொருள் சந்தைப் பண்டமாக வளர்ந்தபோது, பெயரும் சந்தைக்குரிய பெயராக மாறத் தொடங்கியது.

சந்தைக்குரிய பெயர் எத்தகையது என்பதை வர்த்தகக் குறிச் சட்டம் காட்டித் தருகின்றது. 1976 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய தீர்ப்பு, பெயர்களைப் படிநிலைகளாக வகுத்தது. பொருளின் இனத்தையே சுட்டும் பொதுப்பெயருக்குப் பாதுகாப்பு இல்லை. பொருளை விவரிக்கும் பெயருக்குப் பாதுகாப்பு அரிது. பொருளோடு தொடர்பற்றதாயும் புதிதாய்ப் புனையப்பட்டதாயும் உள்ள பெயருக்கே முழுப் பாதுகாப்பு. இதனை நன்னூல் வழக்கிற் கூறுவதாயின், சட்டம் காரணப் பெயரை ஐயத்தோடு நோக்குகின்றது. இடுகுறிப் பெயரை வரவேற்கின்றது. காரணப் பெயர் எல்லோருக்கும் விளங்குவதால் எல்லோருக்கும் உரியது. இடுகுறிப் பெயரோ ஒருவரின் தனியுடைமையாதற்கு ஏற்றது. பயில்வோரின் தேவை விளக்கம். விற்போரின் தேவை உடைமை. இம்முரண்பாட்டை மூடிமறைத்துவிட்டு நற்பெயருக்கு விதி வகுத்தல் பயனற்றது.

முரண்பாடு முற்றியநிலைக்கு யாவாஸ்கிரிப்ற் என்னும் மொழியின் வரலாறு தக்க சான்று. 1995 மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாள்களில் ஆக்கினார். மோக்கா என்பது அதன் முதற்பெயர். அவ்வாண்டு செப்ரெம்பரில் அது லைவ்ஸ்கிரிப்ற் எனப்பட்டது. டிசெம்பரில், சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து விடுக்கப்பட்ட அறிவித்தலின் மூலம் யாவாஸ்கிரிப்ற் ஆயிற்று. ஏழு மாதங்களுள் மூன்று பெயர்கள். மொழியின் இயல்பு மாறியதால் வந்தவை அல்ல இம்மாற்றங்கள். சண் நிறுவனத்தின் யாவா என்னும் மொழி அவ்வாண்டிலேதான் பெரும் ஆரவாரத்துடன் வெளிவந்திருந்தது. அப்புகழின் நிழலில் ஒதுங்குவதே பெயர்மாற்றத்தின் பயனாக இருந்தது.

யாவா என்னும் பெயரே பல கைமாறி வந்ததாகும். ஜேம்ஸ் கொஸ்லிங் தம் அலுவலகத்தின் வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே முதலில் அம்மொழிக்கு இட்டிருந்தார். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வர்த்தகக் குறியாயிருந்தமையால் கைவிடப்பட்டது. யாவா என்பது இந்தோனேசியத் தீவொன்றின் பெயர். தமிழிலக்கியம் அறிந்த சாவகம் என்னும் பெயரின் உறவு. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயரும் சாவகரைச் சுட்டுவதென வரலாற்றாய்வாளர் பலர் கருதுவர். தீவின் பெயர் அங்கு விளைந்த கோப்பிக்கு ஆயிற்று. கோப்பியின் பெயர் அமெரிக்கரின் மொழியொன்றுக்கு ஆயிற்று. அம்மொழியின் பெயர் அதனோடு உறவில்லாத இன்னொரு மொழியின் தலையில் ஏற்றப்பட்டது. கடைசிப் படியை அடையும்போது காரணம் முற்றாக உதிர்ந்து, விளம்பரம் ஒன்றே எஞ்சியது.

இவ்விடத்து மறுப்பொன்று எழலாம். யாவாஸ்கிரிப்றின் வெளித்தோற்றம் யாவாவை ஒத்ததன்றோ என்பர். தோற்றம் அவ்வாறு அமைய வேண்டுமென்று ஐக் பணிக்கப்பட்டிருந்தார் என்பது உண்மையே. ஆயின் அதன் உள்ளமைப்பு ஸ்கீம், செல்வ் என்னும் வேறிரு மொழிகளிலிருந்து பெறப்பட்டது. அக்கால யாவாவில் ஒவ்வொரு மாறியின் வகையும் முன்னரே அறிவிக்கப்படல் வேண்டியிருந்தது. யாவாஸ்கிரிப்றில் அது வேண்டப்படுவதில்லை. யாவா வகுப்புக்களின் மீது கட்டப்பட்டது. யாவாஸ்கிரிப்ற் தொடக்கத்தில் வகுப்பே அறியாதது, முன்மாதிரிப் பொருள்களின் வழி இயல்புகளைப் பெறுவது. ஒன்றைக் கற்றவர் மற்றதிற் பாதி கற்றவராவர் என்னும் நம்பிக்கையை அப்பெயர் விதைக்கின்றது, அந்நம்பிக்கை பொய். ஆசிரியருதவி அரிதாய், நூல்கள் பிறமொழியிலேயே கிடைக்கும் சூழலிற் பயில்வோருக்கு இப்பொய் விலையுயர்ந்தது. அவர்கள் பெயரை நம்பியே நூலை எடுக்கின்றனர்; பெயரை நம்பியே பாடநெறியைத் தெரிவு செய்கின்றனர்.

இதற்கு எதிராகச் ‘சி’ மொழியை எடுத்துக்காட்டி, ஓரெழுத்துப் பெயரும் உலகை ஆளவில்லையா எனக் கேட்போர் உளர். உண்மையில் அவ்வெடுத்துக்காட்டு அவர்களுக்கே எதிரானது. பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் ஆக்கிய ‘பி’ மொழியிலிருந்து வளர்ந்தமையாலேயே டெனிஸ் றிச்சியின் மொழி ‘சி’ எனப்பட்டது. 1983 இல் அதன் வழித்தோன்றலுக்கு இரு சக குறிகள் சேர்த்துச் சி பிளஸ் பிளஸ் எனப் பெயரிட்டபோது, ‘ஒன்றைக் கூட்டுக’ என்று சி மொழியிற் பொருள்படும் குறியே பயன்பட்டது. இப்பெயர்கள் சிறியவை, ஆயின் மெய்யான உறவை அறிவிப்பவை. யாவாஸ்கிரிப்ற் என்பதோ இல்லாத உறவை அறிவிப்பது. பெயர் தவறாயினும் அம்மொழி வென்றுவிட்டதே என்பாருக்கும் விடை உண்டு. இணைய உலாவிகள் பலவற்றுக்கும் பொதுவாய் நிலைத்த செய்நிரலாக்க மொழியாக நெடுங்காலம் அது ஒன்றே இருந்தது. ஒரே படகு உள்ள துறையில் அப்படகின் பெயர் நல்லதா கெட்டதா என்று பயணிகள் பார்ப்பதில்லை.

பொய்யினும் கொடிது உடைமை. யாவாஸ்கிரிப்ற் என்பது சண் நிறுவனத்தின் வர்த்தகக் குறி. எனவே 1997 இல் மொழிக்குப் பொது நியமம் வகுக்கப்பட்டபோது, எல்லோரும் வழங்கிய பெயரை நியமத்திற் பயன்படுத்த இயலாது போயிற்று. எக்மாஸ்கிரிப்ற் என்னும், எவரும் விரும்பாத பெயரொன்று புனையப்பட்டது. அதற்கு முன்னரே மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் வடிவத்துக்கு ஜேஸ்கிரிப்ற் என வேறு பெயர் சூட்டியிருந்தது. 2010 இல் சண் நிறுவனத்தை ஒறக்கிள் வாங்கியபோது, மொழியை ஆக்குவதில் எப்பங்கும் கொள்ளாத ஒரு கம்பனியின் கைக்கு அதன் பெயர் போய்ச் சேர்ந்தது. 2024 இல் அவ்வுரிமையைக் கைவிடுமாறு ஒறக்கிளைக் கேட்டு விடுக்கப்பட்ட பகிரங்கக் கடிதத்தில், மொழியை ஆக்கிய ஐக் அவர்களும் ஒப்பமிட்டிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவ்வுரிமையை நீக்குமாறு அமெரிக்க வர்த்தகக் குறி அலுவலகத்தில் மனுவும் சமர்ப்பிக்கப்பட்டது. ஒரு மொழியைப் படைத்தவரே அதன் பெயருக்காகக் கடிதத்தில் ஒப்பமிட்டு வேண்டி நிற்கும் நிலையை எந்த விற்பனைக் கலை நியாயப்படுத்தும்?

இது தனித்ததொரு நிகழ்ச்சி அன்று. செய்நிரல்களைத் தன்னியக்கமாய் ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் ஹட்சன் என்னும் கருவி, சண் நிறுவனத்தில் கொசுகே கவாகுச்சி என்பவரால் தொடங்கப்பட்டு, பலருடைய உழைப்பால் வளர்ந்தது. ஒறக்கிள் அப்பெயருக்கு உரிமை கோரியபோது, 2011 ஜனவரியில் உழைத்தோர் தமக்குள் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் என்னும் புதுப்பெயருடன் வெளியேறினர். பெயர் கம்பனியிடம் தங்கிற்று. கருவி மக்களுடன் சென்றது. பின்னர் ஜென்கின்ஸ் தழைத்தது, ஹட்சன் தேய்ந்து மறைந்தது. உழைப்பு பெயரினும் வலிது என்பதற்கு இது சான்றாகலாம். ஆயினும் தாம் வளர்த்த பெயரை விட்டுச் செல்ல நேர்ந்தமை இழப்பே.

பெயரைப் பறிப்பதற்குச் சட்டமும் எப்போதும் வேண்டப்படுவதில்லை, வலிமையே போதும். 2009 நவம்பரில் கூகிள் நிறுவனம் ‘கோ’ என்னும் மொழியை வெளியிட்டது. பிரான்சிஸ் மக்கேப் என்னும் ஆய்வாளர் ‘கோ!’ என வியப்புக்குறியுடன் ஒரு மொழியை ஆக்கி அதுபற்றி முன்னரே எழுதியிருந்தார். அவர் முறையிட்டார், பலர் அவர் பக்கம் பேசினர். ஏறத்தாழ ஓராண்டின் பின்னர் பெயர் மாற்றப்படாமலே அம்முறைப்பாடு மூடப்பட்டது. அப்பெயர் ஆங்கிலத்தில் மிகச் சாதாரண வினைச்சொல்லாதலால், அதுபற்றித் தேடுவோர் ‘கோலாங்’ என நீட்டித் தேடவேண்டியதாயிற்று என்பது வரலாற்றின் சிறு எள்ளல்.

அவ்வாறாயின் காரணப் பெயரே தீர்வு எனலாமோ? அதுவும் பொருந்தாது. யாவாஸ்கிரிப்றின் ஆறாம் பதிப்பில் எழுதியதை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றும் கருவியொன்று ‘ஆறிலிருந்து ஐந்து’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்றது. மொழி ஆறுடன் நிற்கவில்லை. கருவியின் பணியும் விரிந்தது. 2015 இல் அது பேபல் எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்றைய பணியையே பெயராக்கினால் நாளைய பணிக்கு அது பொய்யாகிவிடும். மறுபுறம், பைதன் என்பது மலைப்பாம்பைக் குறித்து இடப்பட்டதன்று. ‘மொன்ரி பைதன்’ என்னும் பிரித்தானிய நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நினைவாகக் கீடோ வான் றொசம் இட்டது. அதனைப் பாம்பென எண்ணிக் கற்பவரும் மொழியைப் பற்றித் தவறாக எதையும் எண்ணுவதில்லை. ஆதலின் இடுகுறி குற்றமன்று; போலிக் காரணமே குற்றம்.

உடைமையைக் கைவிடுதல் இயலாத காரியமும் அன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஆக்குவித்த மொழிக்கு, 1843 இல் பபேஜின் பகுப்பாய்வு இயந்திரம் பற்றிக் குறிப்புக்கள் வெளியிட்ட அடா லவ்லேஸின் பெயர் சூட்டப்பட்டது. அதன் இராணுவ நியமத்துக்கு அவர் பிறந்த ஆண்டாகிய 1815 என்பதே இலக்கமாயிற்று. அத்திணைக்களம் முதலில் அடா என்பதைத் தன் வர்த்தகக் குறியாகவே வைத்திருந்தது. 1987 இல் அவ்வுரிமையைக் கைவிட்டது. ஓர் இராணுவ நிறுவனத்துக்கு இயன்றது வணிக நிறுவனங்களுக்கு இயலாது எனின், தடை சட்டத்தில் இல்லை, இலாபத்திலேயே உள்ளது.

பெயர் எவருடைய நாவில் வழங்கப்போகின்றது என்பதும் எண்ணற்பாலது. கணிதத் தேற்றங்களைச் சரிபார்க்கும் பிரெஞ்சுக் கருவியொன்று சேவலைக் குறிக்கும் ‘கொக்’ என்னும் பெயரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. ஆங்கிலம் பேசுவோர் செவியில் அது இழிசொல்லாய் ஒலித்தமையால், குறிப்பாகப் பெண் ஆய்வாளர் சங்கடத்துக்குள்ளாயினர். 2023 இல் ‘ரொக்’ எனப் பெயர் மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. தமிழுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதத்தக்க மொழியொன்றை ஆக்கி அதற்கு எழில் எனப் பெயரிட்டார்; அதுபற்றிய கட்டுரை 2009 இல் வெளிவந்தது. அதில் அச்சிடும் கட்டளை ‘பதிப்பி’. ழகரம் பிறமொழியார் நாவில் வாராது, ரோம எழுத்தில் அதற்கு நேர் எழுத்தும் இல்லை என்று விற்பனைக் கலைஞர் அப்பெயரைக் குறைகூறக்கூடும். ஆயின் தமிழ்ச் சிறார் பயில்வதற்கென ஆக்கப்பட்ட மொழிக்கு அச்சிறாரின் நாவே அளவுகோல். உலகச் சந்தையின் நாவை அளவுகோலாகக் கொண்டு தம் பிள்ளைகளின் கருவிகளுக்குப் பெயரிடும் சமூகம், பெயரை மட்டுமன்றிப் பயனாளரையும் மறந்ததாகும்.

இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் இளைஞர் பலர் இன்று செய்நிரற் கருவிகளைப் பயன்படுத்துவோர் மட்டுமல்லர், ஆக்குவோருமாவர். அவர்கள் ஆக்கும் கருவிகளுக்குப் பெயரிடுகையில், புகழ்பெற்ற பிறிதொன்றின் பெயரோடு ஒட்டவைத்து நிழல்தேடும் ஆசையைக் கைவிடல் வேண்டும். அப்பெயரை வேறெவரேனும் எளிய முறையில் முன்னரே வழங்கியிருப்பின், சட்டம் தடுக்காவிடினும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். பலர் உழைப்பில் வளரும் கருவியாயின், பெயரின் உரிமையைத் தனியொருவரிடமோ கம்பனியிடமோ விடாது, உழைப்போர் சேர்ந்தமைத்த பொது அமைப்பொன்றிடம் முதல்நாளிலேயே ஒப்படைத்தல் வேண்டும். கருவி வளர்ந்து பெயருக்கு விலை ஏறிய பின்னர் இதனைச் செய்ய முயல்வோர், பெயருக்கு உரியவரின் வாயிலில் மனுவுடன் காத்து நிற்க நேரும்.