ஐந்தாம் வகுப்போடு நம் பிள்ளைகளின் தமிழ் முடிந்துவிட வேண்டுமா?



நம் பிள்ளைகளின் தமிழ் எந்த வயதில் நின்று போகிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஐந்தாம் வகுப்பு வரை எப்படியோ ஓடிவிடுகிறது. அரிச்சுவடி, சின்னச் சின்னப் பாட்டு, நரிக்கதை, காக்கைக்கதை. அதற்கு மேல்? திருப்பதியிலும் சித்தூரிலும் ஆறாம் வகுப்பில் கால் வைக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளியில் தெலுங்கு, ஆங்கிலம். வீட்டில் மட்டும் தமிழ். அந்த வீட்டுத் தமிழும் "சாப்பிடு, படு, கடைக்குப் போ" என்பதோடு சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லச் சொல் கிடைப்பதில்லை.

சட்டமும் அந்த இடத்தில்தான் கையை விடுகிறது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வசதி செய்து தரச் சொல்கிறது. எதுவரை? தொடக்கக் கல்வி வரை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும் பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. கூடவே "நடைமுறையில் இயன்ற வரை" என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனை தமிழ் வகுப்புகளை வேண்டுமானாலும் மூடலாம்! 2019 நவம்பரில் ஆந்திர அரசு முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் ஆங்கில வழியாக்க ஆணை போட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆணை போயிற்று, ஆங்கில மோகம் போகவில்லை. நம் வீடுகளிலேயே போகவில்லை.

தமிழாசிரியர் வேண்டும், தமிழ்ப் பாடநூல் வேண்டும் என்ற நம் கோரிக்கையை ஒரு நாளும் கைவிடலாகாது. ஆனால் அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நம் பிள்ளை ஆண்டுக்கு ஒரு நாவலையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தமிழில் படிக்க வேண்டும். படித்த கையோடு தன் கதையைத் தானே எழுதவும் வேண்டும்.

"கூலிக்காரன் பிள்ளைக்கு நாவலா? பரீட்சைக்கு வருமா?" என்று சிலர் சிரிப்பார்கள். பரீட்சைக்கு வருவது என்ன என்று நமக்குத் தெரியாதா! "கதையைச் சுருக்கி எழுதுக. இக்கதையால் நீ பெறும் நீதி யாது?" பிள்ளை கதையைப் படிக்கவே வேண்டியதில்லை, நோட்ஸில் உள்ள பத்து வரியை உருப்போட்டால் முழு மார்க்கு. துணைப்பாடம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நூறு பக்க நாவல் அப்படி ஏமாற்ற விடாது. மூன்று வாரம் ஒரே பிள்ளையின் கஷ்டத்தோடு கூடவே நடக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் புரியாத சொல், ஐந்தாம் அத்தியாயத்தில் நாலாவது முறை வரும்போது அகராதி இல்லாமலே புரிந்துவிடும். "அவன் ஏன் ஓடிப்போனான்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள்; வாய் திறக்காத பிள்ளையும் சண்டைக்கு வரும். சண்டை போடும் அளவுக்கு ஒரு மொழி வந்துவிட்டால் பிறகு அது எளிதில் போகாது.

எழுத்துக்கு வருவோம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரை அடுத்த மலையில் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். அரசுப் பள்ளி தோல்வி என்று துரத்திய குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்து, லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே பள்ளி நடத்தினார். 1967-இல் அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் கூடி, ஆசிரியை ஒருவருக்குக் கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். தமிழிலும் அது வந்திருக்கிறது. எழுதிய முறையைக் கவனியுங்கள்: தோன்றுவதையெல்லாம் துண்டுச் சீட்டில், சீட்டுக்கு ஒன்றாக எழுதுவது; சீட்டுகளை மேஜையில் பரப்பி இனம் பிரிப்பது; பிறகு வேண்டாத சொல்லை ஒவ்வொன்றாக வெட்டுவது; கடைசியில் அதிகம் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்ப்பது. இதற்குப் பெரிய பண்டிதர் வேண்டுமா? சீட்டும் பென்சிலும் போதும். அதிகம் படிக்காதவர்களுக்கு நம்மிடம் பஞ்சமா என்ன!

நம்மைப் போலவே பிழைக்கப் போன தமிழர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950-களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கே இடம் ஒதுக்கியது. பிற்காலத்தில் அங்கே எழுத்தாளர்களாகத் தலையெடுத்த பலர் அந்தப் பக்கத்தில் கை பழகியவர்கள்.

சிங்கப்பூர் தூரம் என்றால் இந்த மண்ணையே பாருங்கள். தாமலச்செருவில் வாழ்ந்து பள்ளி ஆசிரியராகவே வேலை பார்த்த மதுராந்தகம் ராஜாராம், தம் தெலுங்குச் சிறுகதைகளுக்காக 1993-இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றார். நாமினி சுப்பிரமணியம் நாயுடு சித்தூர்க் கிராமத்துப் பேச்சுத் தெலுங்கிலேயே எழுதிப் பேர் பெற்றவர். தெலுங்குத் தோழர்கள் தங்கள் ஊர்ப் பேச்சை எழுத்தாக்கிப் பெருமைப்படுகிறார்கள். நம் பிள்ளையோ காய்கறியைக் "கூரகாயலு" என்று எழுதிவிட்டால் நாம் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு பாய்கிறோம். முதலில் எழுதட்டும். திருத்தம் இரண்டாம் முறை.

எதை எழுதுவது? "என் தாய் அன்பானவள், பண்பானவள்" என்ற கட்டுரை போதும் போதும் என்றாகிவிட்டது. மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலையில் ராத்திரி வேலை முடித்து வரும் அம்மாவின் கை எப்படி இருக்கும்? நகரியில் விசைத்தறி ஓடும் தெருவில் இருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? திருப்பதிக்கு வரும் கூட்டத்துக்குப் பூக்கட்டி விற்கும் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரியும்? இவற்றை நம் பிள்ளைகளைத் தவிர வேறு யார் எழுதப் போகிறார்கள்?

நாவலுக்கும் குறைவில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-லும், கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-லும் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய விருது பெற்றவை. முன்னது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆண் பிள்ளைகளும் அவசியம் படிக்க வேண்டும்.

வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சங்கக் கிளைகள் தோறும் ஒரே நாவலில் பத்துப் பிரதியாவது வாங்கி வைக்கட்டும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம். தமிழில் படித்த அக்காவோ அண்ணனோ ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். எழுத வராதவன் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவன் எழுதட்டும். அப்படி எழுதிய கதைகளுக்கு இந்த இதழில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றுப் பிழையைத் திருத்துங்கள், "கூரகாயலு"வை விட்டுவிடுங்கள்.