சட்டம் கேட்பது கால் பங்கு, சகோதரி சிரில் கொடுத்தது அரைப் பங்கு

தனியார் பாடசாலைகள் முதலாம் வகுப்பில் குறைந்தது 25 வீத இடங்களை வறிய, பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் பாடசாலைகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகத்தை அதே நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் 2025 செப்டெம்பரில் எழுப்பி, விடயத்தைப் பிரதம நீதியரசரிடம் அனுப்பினர்.

இந்த விவாதத்தில் அருட்சகோதரி சிரில் மூனியின் பெயர் நினைவுக்கு வராமல் போகாது.

1936இல் அயர்லாந்தில் பிறந்து, 1956இல் இந்தியா வந்தவர் அவர். விலங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், 1979இல் கொல்கத்தாவின் சியால்டா லொரேட்டோ பாடசாலையின் அதிபரானார். அப்போது அங்கு படித்தவர்களில் பெரும்பாலானோர் வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகள். பாடசாலையை ஒட்டியே சியால்டா ரயில் நிலையம். அதன் மேடைகளிலும் நடைபாதைகளிலும் வளர்ந்த சிறுமிகள் வேறோர் உலகம்.

வறிய பிள்ளைகளுக்கென ஒதுக்குப்புறத்தில் இன்னொரு பாடசாலை கட்டுவதுதான் வழமையான தொண்டு. சிரில் அதைச் செய்யவில்லை. இருந்த பாடசாலையையே திறந்துவிட்டார். காலப்போக்கில் மாணவியரில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டணம் செலுத்தாதவர்கள் என்ற நிலை வந்தது. ஒரே வகுப்பறை, ஒரே சீருடை. 1985இல் தொடங்கிய 'ரெயின்போ' திட்டத்தில் தெருவோரச் சிறுமிகள் பாடசாலைக்குள் வந்தனர். அவர்களுக்கு எழுத்தறிவித்தவர்கள் அங்கு படித்த மாணவியரே. அதுவும் பாட நேரத்திலேயே, பாடவிதானத்தின் ஒரு பகுதியாக. இரவில் போக்கிடமற்ற சிறுமிகள் பாடசாலைக் கட்டடத்திலேயே தங்கினர். வாரந்தோறும் மாணவியர் கிராமங்களுக்கும் சென்று கற்பித்தனர். யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவு விருது 1994இலும், பத்மஸ்ரீ 2007இலும் கிடைத்தன. 2023 ஜூனில் கொல்கத்தாவிலேயே காலமானார்.

சிறுபான்மைப் பாடசாலைகளின் அச்சத்தை வெறும் சாட்டு என்று ஒதுக்க முடியாது. அனுமதியில் அரசு கைவைத்தால் நிர்வாகமும் அடையாளமும் கைவிட்டுப் போகலாம் என்று அவை கருதுகின்றன. அரசியலமைப்பின் 30ஆவது உறுப்புரை அவற்றுக்குத் துணை நிற்கிறது. ஆனால் பாதி இடங்களைக் கொடுத்த சியால்டா லொரேட்டோ, கத்தோலிக்கப் பாடசாலையாகவே நீடித்தது. கட்டணம் செலுத்திய பெற்றோரும் அதைக் கைவிடவில்லை.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சிரில் கொடுத்த இடங்கள் சட்டத்தால் வந்தவையல்ல. மூன்று தசாப்தங்களுக்கு மேல் ஒரே அதிபர் பிடிவாதமாக நின்றதால் வந்தவை. அதே நகரில், அதே நாட்டில், எத்தனையோ கத்தோலிக்கப் பாடசாலைகள் இருந்தும் இந்த அளவுக்குக் கதவைத் திறந்தவை அரிது. பெரிய ஆயம் இவ்வழக்கை எடுக்கும்போது, விலக்குக் கோரும் பாடசாலைகளிடம் கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி, அவை தாமாக எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துள்ளன என்பதே.