திகதி வரும்வரை அரைப்பேரா?

மலை ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்ளும் அக்காமார், இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, கம்பை ஊன்றி, ஒவ்வொரு காலாக வைக்கிறார்கள். முழங்கால் மூட்டுத் தேய்வு. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. திகதிதான் வரவில்லை. அதுவரை கூடையும் மலையும் காத்திருக்கவா போகின்றன?

"வயசானால் அப்படித்தான்" என்று கங்காணி சொல்கிறார். சில நேரம் நாமும் சொல்லிவிடுகிறோம். வயது ஒரு காரணம்தான். ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து ஏறி இறங்கியதும் காரணம். சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பாரம் முழங்காலில் விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்று மடங்கைத் தாண்டும். முதுகில் 15 கிலோ கொழுந்து இருந்தால் அந்தச் சுமையும் மூட்டில்தான் இறங்கும்.

வலிக்குப் பயந்து படுத்தே கிடப்பதும் சரியல்ல. தொடைத் தசை மெலிந்தால் நடை இன்னும் தளரும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடப்பதும் சிரமமாகும். கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். இதைத் தினமும் செய்யுங்கள். ஒரு கால் மட்டும் நோகிறதென்றால் கம்பை மறுபக்கக் கையில் பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோகும் கால் முதலில். எது எவ்வளவு செய்யலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியை நாம் செய்யலாம். மலையைச் சமமாக்க நம்மால் முடியாது. வேலையை மாற்றிக் கொடுக்க நிர்வாகத்தால் முடியும். ஆகவே கேட்கிறோம்: வைத்தியரின் துண்டு உள்ளவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்து தேறும்வரை தவறணையிலோ பிள்ளை மடுவத்திலோ, லயத்துக்குக் கிட்டிய சமதரையிலோ வேலை கொடுங்கள். அதற்கு முழுப்பேர் போடுங்கள். கிளினிக் நாளில் வாகனம் கொடுங்கள். கொழுந்து நிறுக்க மேடும் பள்ளமும் நடக்க வைக்காதீர்கள்.

"எல்லோருக்கும் ஒரே அளவுதானே" என்பார்கள். இருபது, முப்பது வருடம் அந்த அளவை எடுத்துக் கொடுத்த கால்கள்தான் இன்று நோகின்றன. அவருக்கு அரைப்பேர் போடுவது நியாயமாகாது.

சம்பளத்துக்காக உரத்துப் பேசிய நாமும் முழங்காலைப் பற்றி அதிகம் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்று பலர் வலியை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். துண்டை எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ வாருங்கள். தனியாகக் கேட்டால் சலுகை என்பார்கள். சேர்ந்து கேட்டால் அது உரிமை.