பனிக்கண்டத்தில் காற்றோடு மல்லுக்கட்டு!

குட்டீஸ், 2024 மே மாதம் கொச்சியில் அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நடந்தது. அங்கே 'மைத்ரி-2' என்ற புதிய ஆய்வு நிலையம் கட்டும் திட்டத்தை இந்தியா தெரிவித்தது. இப்போதுள்ள மைத்ரி 1989-ல் கட்டப்பட்டது, அதற்கு வயதாகிவிட்டது.

ஒரு கட்டடம் கட்டுவதில் என்ன பெரிய சங்கதி என்கிறீர்களா? அங்கே குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம். காற்றைச் சமாளிப்பதுதான் கஷ்டம்!

காற்று எங்கிருந்து வருகிறது?

அண்டார்டிகா, கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்றது. நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. சில இடங்களில் பனிமேடு 4,000 மீட்டர் உயரம் இருக்கும். குளிர்காலத்தில் அங்கே மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காது. பனித்தரை தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டியுள்ள காற்றும் சில்லிட்டுப் போகும். குளிர்ந்த காற்று கனமானது அல்லவா? அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் தண்ணீர் போல, சரிவில் இறங்கிக் கடலை நோக்கி ஓடும். பூமி சுழல்வதால் போகும் வழியில் சற்று இடப்பக்கம் திரும்பும். இதற்கு 'கேட்டபேட்டிக் காற்று' என்று பெயர்.

1912-13-ல் டக்ளஸ் மாசன் குழுவினர் டெனிசன் முனையில் தங்கினர். அங்கே ஆண்டின் சராசரி வேகமே மணிக்குச் சுமார் 80 கி.மீ.! 1972 ஜூலையில் பிரான்சின் துமோன் துர்வில் நிலையத்தில் 327 கி.மீ. வேகம் பதிவானது.

பனிப்புயல் எப்படி?

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் அடிக்கடி நகர்ந்து செல்லும். அவற்றில் ஒன்று கரையை நெருங்கினால் காற்றின் வேகம் இன்னும் கூடும். புதுப்பனி கொட்டும். தரையில் கிடக்கும் பழைய பனித்தூளையும் காற்று வாரி இறைக்கும். சில நாள் மேலே வானம் தெளிவாக இருக்கும். கீழேயோ எதிரே நிற்பவர்கூடத் தெரியமாட்டார்!

புதைந்த நிலையம்

இந்தியாவின் முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி. 1983-84-ல் மிதக்கும் பனித்தட்டின் மேல் கட்டினார்கள். அது பத்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை, பனியில் புதைந்துபோனது. ஏன் தெரியுமா? கட்டடம் குறுக்கே நின்றால் காற்றின் வேகம் குறையும். சுமந்து வந்த பனியை அங்கேயே போட்டுவிடும். அது குவிந்துகொண்டே போகும்.

இந்தப் பாடம் வீண்போகவில்லை. மைத்ரியைப் பாறைத் தரையில், கால்களின் மேல் நிறுத்தினார்கள். 2012-ல் வந்த பாரதி நிலையத்தை 134 கப்பல் கண்டெய்னர்களைக் கொண்டு அமைத்தார்கள். அதற்கும் கால்கள் உண்டு. காற்று வழுக்கிச் செல்லும் வடிவம் வேறு! அடியில் காற்று தடையின்றிப் போனால் பனி குவியாது.

இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. சரிவு இடம் மாறாது. அதனால் சரிவுக் காற்றின் திசையும் பெரும்பாலும் மாறாது. எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு கட்டலாம்.

மைத்ரி-2 எத்தனை காலம் நிற்கும் என்பது, சுவரின் பலத்தைவிடக் காற்றுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதைப் பொறுத்தது. எதிர்த்து நிற்பது மட்டுமா வீரம்? வழிவிட்டு நிற்பதும் கெட்டிக்காரத்தனம்தான், இல்லையா குட்டீஸ்!